நோயாளியின் மனதையும் விசாரிப்போம்

வைத்தியசாலைக்கு நோயாளி பார்க்கப் போகும்போது தோடம்பழமும் பிஸ்கட்டும் கொண்டு போகிறோம். "பிரஷர் எப்படி, சீனி எவ்வளவு" என்று கேட்கிறோம். துஆச் செய்துவிட்டுத் திரும்புகிறோம். நீரிழிவு, சிறுநீரக நோய் என்று வருடக்கணக்கில் வார்டுக்கும் வீட்டுக்குமாக அலையும் முதியவர்களுக்கு இது மட்டும் போதாது.

நாட்பட்ட நோயோடு மனச்சோர்வும் அடிக்கடி சேர்ந்து வருகிறது. முதியவர்களிடம் அது அழுகையாக வெளிப்படாமலே இருக்கலாம். சாப்பாடு வேண்டாம் என்பார்கள், தூங்க மாட்டார்கள், மருந்தைத் தள்ளி வைப்பார்கள். "வயசு போனால் அப்படித்தான்" என்று நாமும் விட்டுவிடுகிறோம்.

1967 இல் லண்டனில் சென் கிறிஸ்தோப்பர் பராமரிப்பு இல்லத்தைத் தொடங்கிய வைத்தியர் சிசிலி சோண்டர்ஸ், நோயாளியின் வலியில் உடலோடு மனம், குடும்பம், ஆன்மா ஆகியவற்றின் வலியும் கலந்திருப்பதாக விளக்கினார். "எனக்கு ஏன் இப்படி?", "நான் பிள்ளைகளுக்குப் பாரமா?" என்பவை மாத்திரையால் மட்டும் தீராத கேள்விகள். அவற்றைச் சொல்ல இடம் கொடுப்பதே ஆன்மீகப் பராமரிப்பின் தொடக்கம். உபதேசம் செய்வது அல்ல.

என் வாப்பும்மாவுக்கு நீரிழிவால் கால்விரலை அகற்றினார்கள். அதன்பின் அவர் பேச்சைக் குறைத்துக்கொண்டார். வலி என்றே நினைத்தோம். மாமி பக்கத்தில் நெடுநேரம் சும்மா உட்கார்ந்திருந்த ஒரு நாளில்தான் விஷயம் வெளிவந்தது. கட்டுப்போட்ட காலோடு வுழூச் செய்ய முடியவில்லை, தொழுகையெல்லாம் போய்விட்டது என்ற கவலை! மௌலவி ஒருவரிடம் கேட்டோம். தண்ணீர் படக்கூடாதவருக்குத் தயம்மும் உண்டு; நிற்க முடியாதவர் உட்கார்ந்தும், அதுவும் முடியாதவர் படுத்தபடி சைகையாலும் தொழலாம் என்று விளக்கினார். உம்மா சிறு டப்பாவில் சுத்தமான காய்ந்த மண் கொண்டுபோய்க் கொடுத்தார். அன்றிரவு வாப்பும்மா இடியப்பம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். வைத்தியர் தந்த மாத்திரைகளும் தொடர்ந்தன. அவற்றை நாமாக நிறுத்தவே கூடாது.

தலவாக்கலை போன்ற ஊரில் ஒரே வார்டில் பல சமயத்தவர் இருப்பார்கள். பக்கத்துக் கட்டிலில் இருக்கும், தோட்டத்தில் கொழுந்து பறித்து ஓய்ந்த அம்மாவுக்குக் கோயில் திருநீறு ஆறுதலாகலாம். சிங்கள ஆச்சிக்குப் பிரித் நூல். எது வேண்டும் என்று அவர்களிடமே கேட்க வேண்டும். சிலருக்கு எதுவும் வேண்டாம். பேச ஆள் இருந்தால் சரி.

மனச்சோர்வை "ஈமான் குறைவு" என்று சொல்வதுதான் எனக்குப் பெரிய அநியாயமாகத் தெரிகிறது. 934 இல் மறைந்த முஸ்லிம் அறிஞர் அபூ ஸைத் அல் பல்கீ, காரணம் தெரிந்த கவலையையும் காரணம் தெரியாமல் உடலிலிருந்து எழும் கவலையையும் அப்போதே பிரித்து எழுதியிருக்கிறார். வீட்டில் யாராவது வாழவே விருப்பமில்லை என்று சொன்னால் உடனே வைத்தியரிடம் சொல்லுங்கள். தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற இலக்கத்துக்கு அழைத்தும் ஆலோசனை பெறலாம்.