சேற்றில் படுத்தால்தான் சிக்கும் உள்ளான்!

ஹைதராபாத்தில் கடல் இல்லை. ஆனால் கடற்கரைப் பறவைகளுக்குப் பஞ்சமில்லை. ஐப்பசி பிறந்ததும் வடக்கேயிருந்து உள்ளான்களும் உப்புக்கொத்திகளும் கூட்டம் கூட்டமாக வந்து இறங்குகின்றன. பங்குனி, சித்திரை வரை இந்த ஊர் ஏரிக்கரைகள்தான் அவற்றுக்குக் கடற்கரை. வாரம் முழுவதும் ஆபீஸில் ஃபைலைப் பார்த்துக் குனிந்திருந்தவர், ஞாயிறு விடியற்காலையில் காமிராவும் கையுமாக ஏரிச் சேற்றில் குப்புறப் படுத்திருப்பதை அமீன்பூரிலோ உஸ்மான் சாகரிலோ காணலாம்.

பார்ப்பவர்களுக்குச் சிரிப்பு வரும். ஆனால் காரணம் இல்லாமல் யாரும் சட்டையைச் சேறாக்கிக்கொள்வதில்லை.

ஏன் படுக்க வேண்டும்?

கொசு உள்ளான் என்ற பறவை சிட்டுக்குருவி அளவுதான் இருக்கும். எடை 20 முதல் 30 கிராம். நின்றபடி எடுத்தால் அதன் முதுகும் சுற்றியுள்ள சேறும்தான் படத்தில் விழும். பறவை எது, மண்ணாங்கட்டி எது என்று வீட்டில் உள்ளவர்களுக்கு விரல் வைத்துக் காட்ட வேண்டியிருக்கும். அதே பறவையை அதன் கண் மட்டத்துக்குத் தாழ்ந்து எடுத்தால் கதையே வேறு. பின்னால் உள்ள கரை வெகு தூரம் விலகி மங்கிவிடும். பறவை மட்டும் பளிச்சென்று நிற்கும். காலடித் தண்ணீரில் அதன் நிழலும் விழும்.

இன்னொரு லாபமும் உண்டு. நிமிர்ந்து நடந்து வரும் மனித உருவம் பறவைக்கு ஆபத்தின் அறிகுறி. அசையாமல் படுத்திருப்பவரை அது அவ்வளவாகப் பொருட்படுத்துவதில்லை. பூச்சி, புழுவைக் கொத்தியபடி சில சமயம் தானாகவே அருகில் வந்துவிடும். கொக்குக்கு ஒன்றே மதி என்பார்கள். உள்ளானைப் படம் பிடிப்பவருக்கும் அதுவே மதி.

முறை இதுதான்

சூரியன் முதுகுப் பக்கம் இருக்கும்படி, காலை ஒன்பது மணிக்குள் வேலையை முடிக்க வேண்டும். கீழே பிளாஸ்டிக் விரிப்பு. காமிராவைத் தாங்க ஸ்டாண்டு வேண்டாம். பயறோ அரிசியோ நிரப்பிய சிறு பை போதும். ஈரச் சேற்றில் காமிராவைப் பழைய வாணலியில் வைத்துத் தள்ளிக்கொண்டு போகிறவர்களும் உண்டு. 300 அல்லது 400 மில்லிமீட்டர் லென்ஸ் நல்லது. கைக்கு எட்டாதவர்கள் லென்ஸ் கழற்ற முடியாத நீண்ட ஜூம் காமிராவிலேயே தொடங்கலாம். உள்ளான் ஓயாமல் ஓடும் பறவையாதலால் ஷட்டர் வேகம் விநாடியில் ஆயிரத்தில் ஒரு பங்காவது வேண்டும். ஃபோகஸ் கண்ணில் இருக்க வேண்டும். பறவையைத் துரத்தக் கூடாது. அது எந்தத் திசையில் மேய்ந்து வருகிறதோ, அந்தத் திசையில் முன்கூட்டியே போய்ப் படுத்துக்கொள்ள வேண்டும்.

எச்சரிக்கையும் அவசியம். ஆழம் தெரியாத சேற்றைக் கோலால் குத்திப் பார்க்காமல் இறங்கக் கூடாது. தனியாகப் போவதும் கூடாது. சாக்கடை கலக்கும் கரையில் படுக்கவே வேண்டாம்.

ஒரு படத்தின் விலை

கொசு உள்ளான் முட்டையிட்டுக் குஞ்சு பொரிப்பது வட துருவத்தை ஒட்டிய பனி வெளியில். பிழைப்புக்காகத்தான் இவ்வளவு தூரம் வருகிறது. ஊர் திரும்பு முன் உடம்பில் கொழுப்பைச் சேர்த்தாக வேண்டும். கரைப்பறவைகளில் சில இனங்கள் புறப்படுவதற்குள் எடையை ஏறக்குறைய இரு மடங்காக்கிக்கொள்கின்றன. 2022-ல் மூக்கன் வகையைச் சேர்ந்த ஓர் இளம் பறவை அலாஸ்காவிலிருந்து டாஸ்மேனியா வரை 13,560 கிலோமீட்டரை 11 நாட்களில், எங்கும் இறங்காமல் கடந்தது. வழியில் சோறு இல்லை. சேர்த்து வைத்த கொழுப்புதான் அதன் கட்டுச்சோறு.

ஒருவர் எழுந்து ஓடி ஒரு கூட்டத்தைக் கிளப்பிவிட்டால், அந்தக் கட்டுச்சோற்றில் ஒரு பிடியைப் பறித்ததாகத்தான் பொருள். பறவை மேய்வதை நிறுத்தித் தலையை உயர்த்தினால் அங்கேயே அசையாமல் நிற்க வேண்டும். மீண்டும் மேயத் தொடங்காவிட்டால் மெல்லப் பின்வாங்க வேண்டும். படம் போனால் அடுத்த ஞாயிறு கிடைக்கும்.

கரை இருந்தால்தானே?

ஹைதராபாத் சமஸ்தானத்துப் பறவைகளை 1931-ல் நிஜாம் அரசின் ஆதரவோடு சலீம் அலி கணக்கெடுக்கத் தொடங்கினார். 1908-ஆம் ஆண்டு மூசி வெள்ளத்துக்குப் பிறகு எழுந்த உஸ்மான் சாகரும் ஹிமாயத் சாகரும் அன்றே இருந்தன. மழை ஓய்ந்து தண்ணீர் வற்ற வற்ற வெளிப்படும் சேற்று விளிம்புதான் உள்ளான்களின் பந்தி. மனை போடுகிறவர்களின் கண்ணில் முதலில் படுவதும் அதே விளிம்புதான். இந்த இரு நீர்த்தேக்கங்களைச் சுற்றிப் பத்து கிலோமீட்டருக்குக் கட்டடங்களைக் கட்டுப்படுத்தியது 1996-ன் அரசாணை 111. அதைத் தளர்த்தி 2022-ல் வேறு ஆணை வந்தது. அமீன்பூர் ஏரிக்கு 2016-ல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலம் என்ற அந்தஸ்து கிடைத்தது ஆறுதலான செய்தி. எம்.எம்.டி.எஸ். ரயிலில் லிங்கம்பள்ளியில் இறங்கினால் ஆட்டோவில் போய்விடலாம்.

பொங்கலுக்கு ஊருக்குப் போகிறவர்களுக்கு அசல் கடற்கரையே காத்திருக்கிறது. 1967-ல் சரணாலயமான கோடிக்கரை 2002-ல் ராம்சார் பட்டியலிலும் சேர்ந்தது. தை மாதம் அங்கே பறவைகளுக்கு நல்ல பருவம். திருத்துறைப்பூண்டியிலிருந்து அகஸ்தியம்பள்ளிக்கு 2023 ஏப்ரலில் அகலப்பாதை ரயிலும் வந்துவிட்டது. சரணாலயத்துக்குள் செல்ல வனத்துறை அனுமதி பெற வேண்டும்.

பிழைப்புக்கு ஊர் விட்டு ஊர் வந்து, காலம் வந்ததும் சொந்த மண்ணுக்குத் திரும்பும் பறவையின் அவஸ்தை, செகந்திராபாத் ஸ்டேஷனில் மூட்டை முடிச்சோடு நின்றவர்களுக்கு யாரும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அடுத்த ஐப்பசியில் அது திரும்பி வரும்போது இறங்க ஒரு முழம் சேறாவது இருக்க வேண்டும்.