மூக்கைப் பிடித்து ஊற்றாதீர்கள்

மைசூர் செலுவாம்பா அரசு மருத்துவமனைக்கு மண்டியா, சாமராஜநகர் பக்கமிருந்தெல்லாம் காய்ச்சல் கண்ட பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு வருகிறார்கள். மருத்துவர் பார்த்து எழுதிக் கொடுப்பதோடு பாதி வேலைதான் முடிகிறது. வீட்டுக்குப் போய் வேளை தவறாமல் அந்த மருந்தைப் பிள்ளையின் வயிற்றுக்குள் சேர்ப்பது மீதிப் பாதி. அதைப் பெரும்பாலான தாய்மார்கள் பாட்டியிடம்தான் கற்கிறார்கள். மடியில் மல்லாத்திப் போட்டு, கையைக் காலை அமுக்கி, மூக்கைப் பிடித்து, அலறும் வாயில் பாலாடையால் ஊற்றுவது அந்த முறை. கன்னட வீடுகளிலும் இதே கதைதான்.

பாட்டிகளின் அன்பில் குறையில்லை. ஆனால் இந்த முறை ஆபத்தானது. வீறிட்டு அழும் பிள்ளை இடையிடையே மூச்சை வெடுக்கென்று உள்ளே இழுக்கும். அந்த நொடியில் வாயில் இருக்கும் மருந்து மூச்சுக்குழலுக்குள் போய்விடலாம். 2015 முதல் பிப்ரவரி 10 அன்று அங்கன்வாடிகளில் கொடுக்கும் பூச்சி மாத்திரைக்கும் இதே எச்சரிக்கை உண்டு. சின்னப் பிள்ளைகளுக்கு அதைப் பொடித்து நீரில் கலந்து தர வேண்டும். அழுது முரண்டு பிடிக்கும் பிள்ளைக்குத் திணிக்கவே கூடாது என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

பிள்ளையை நிமிர்த்தி மடியில் உட்கார வையுங்கள். ஊசியில்லாத மருந்து சிரிஞ்சைக் கன்னத்தின் உட்புறமாக வைத்துச் சொட்டுச் சொட்டாக விடுங்கள். தொண்டையை நோக்கிப் பீய்ச்ச வேண்டாம். ஒரு வாய் விழுங்கியதும் கொஞ்சம் பொறுங்கள். மூன்று வயதுப் பிள்ளையிடம் "கசக்கும் கண்ணா, உடனே தண்ணி குடிச்சுக்கலாம்" என்று உண்மையைச் சொல்லலாம்; அப்பா மடியா, அம்மா மடியா என்று கேட்கலாம். மிட்டாய் என்று மட்டும் ஏமாற்றாதீர்கள். நாளைக்கு அலமாரியைத் திறந்து மிச்சத்தையும் அது குடித்துவிடும். முழு பாட்டில் பாலில் மருந்தைக் கலந்தால், பிள்ளை பாதியில் நிறுத்தும்போது எவ்வளவு உள்ளே போனது என்று தெரியாது. கசப்பை மறைக்க ஒரு வயதுக்குள் தேன் வேண்டவே வேண்டாம்.

அளவு விஷயத்தில் எனக்குச் சமரசமே கிடையாது. பாராசிட்டமால் சொட்டு மருந்து பலவற்றில் 1 மில்லியில் 100 மில்லிகிராம் இருக்கும். சிரப்பிலோ 5 மில்லிக்கு 125 அல்லது 250. பத்துக் கிலோ பிள்ளைக்கு ஒரு வேளைக்கு 150 மில்லிகிராம் வரைதான். சிரப் என்று நினைத்துச் சொட்டு மருந்தை 5 மில்லி ஊற்றினால் 500 மில்லிகிராம் உள்ளே போய்விடும். சமையலறை ஸ்பூன் ஆளுக்கொரு அளவு; ஆகவே மருந்தோடு வரும் மூடியையோ சிரிஞ்சையோதான் நம்ப வேண்டும். அண்ணனுக்குப் போன மாதம் வாங்கியதைத் தம்பிக்குக் கொடுக்கும் பழக்கம் எத்தனை வீடுகளில்!

இருமல் சிரப் பக்கம் நீங்களாகப் போகவே வேண்டாம். 2025இல் மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாடாவில், காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரான கோல்ட்ரிஃப் சிரப்பைக் குடித்து இருபதுக்கும் மேற்பட்ட பிள்ளைகள் இறந்தார்கள். சோதனையில் அதில் 48.6 சதவீதம் டைஎத்திலீன் கிளைக்கால் என்ற நஞ்சு இருந்தது. இரண்டு வயதுக்குள் இருமல் மருந்தே கூடாது, ஐந்து வயதுக்குள் பொதுவாக வேண்டாம் என்று மத்திய அரசு அப்போது அறிவுறுத்தியது.

பேதிக்குத் தரும் ஜிங்க் மாத்திரை தண்ணீரிலோ தாய்ப்பாலிலோ கரையும். ஆறு மாதம் தாண்டிய பிள்ளைக்குத் தினம் 20 மில்லிகிராம், அதற்குக் குறைந்த வயதில் 10. பேதி மூன்றாம் நாளே நின்றாலும் பதினான்கு நாளும் தர வேண்டும். குடித்ததைப் பிள்ளை கக்கிவிட்டால் நீங்களே மறுபடி ஊற்றாமல், எவ்வளவு நேரத்தில் கக்கியது என்று மருத்துவரிடம் சொல்லிக் கேளுங்கள்.