பெயருக்குப் பின்னால் ஒரு 3

கணினியின் கட்டளைத் திரையில் 'பைதான்' என்று தட்டி, 7/2 எவ்வளவு என்று கேட்டுப் பாருங்கள். பழைய லினக்ஸ் கணினி 3 என்று சொல்லும். ஆர்ச் லினக்ஸ் 3.5 என்று சொல்லும். இன்னொரு லினக்ஸ் வகையான உபுண்டு 20.04 'அப்படி ஒரு கட்டளையே இல்லை' என்று கைவிரிக்கும். பைதான் நிறுவாத விண்டோஸ் 10 கணினியிலோ மைக்ரோசாஃப்ட் ஸ்டோர் திறந்துகொள்ளும். கேள்வி ஒன்றுதான், பெயர் போய்ச் சேரும் ஆள்தான் வேறு.

குழப்பம் தொடங்கியது 2008 டிசம்பரில். பைதான் ஒரு நிரல்மொழி. அப்போது வந்த அதன் புதிய பதிப்பான பைதான் 3, பழைய நிரல்கள் அப்படியே ஓடாது என்று தெரிந்தே மொழியைத் திருத்தியது. பைதான் 2இல் முழு எண்ணை முழு எண்ணால் வகுத்தால் தசமப் பகுதி உதிர்ந்துவிடும். 3இல் அது தங்கும். 'பிரிண்ட்' கட்டளைக்கு அடைப்புக்குறி கட்டாயமானது.

லினக்ஸில் அன்றாட வேலைகள் பலவற்றைப் பைதான் 2 நிரல்களே பார்த்துவந்தன. அவற்றின் முதல் வரி, 'இதைப் பைதானிடம் கொடு' என்று மட்டும் சொல்லும், எண் இருக்காது. தாத்தா பெயரைப் பேரனுக்கு வைக்கலாம். ஆனால் தாத்தாவுக்கு வரும் மணியார்டரைப் பேரன் வாங்கக் கூடாதே! அதனால் புதியவருக்கு 'பைதான்3' என்று எண் சேர்த்தே பெயர் வைத்தார்கள்.

எல்லோரும் பொறுத்திருக்கவில்லை. 2010 அக்டோபரில் ஆர்ச் லினக்ஸ், எண்ணில்லாப் பெயரை 3க்கே கொடுத்தது. ஒரு லினக்ஸில் ஓடிய நிரல் இன்னொன்றில் முதல் வரியிலேயே இடறியது. 2011இல் 'பெப் 394' என்ற பரிந்துரை ஆவணம் வந்தது. 'பைதான்2', 'பைதான்3' என்ற இரு பெயர்களும் தெளிவாக இருக்கட்டும். வெறும் 'பைதான்' இப்போதைக்கு 2ஐயே குறிக்கட்டும் என்றது அது.

விண்டோஸில் சிக்கல் வேறு. அங்கே எந்தப் பதிப்பை நிறுவினாலும் கோப்பின் பெயர் ஒன்றுதான். கணினி தேடும் பாதையில் எந்தக் கோப்புறை முன்னால் நிற்கிறதோ, அதற்கே அழைப்பு போகும். 2012இல் பைதான் 3.3 உடன் 'பை' என்ற சிறு ஏவு கருவி வந்தது. 'பை -2' என்றால் பழையது, 'பை -3' என்றால் புதியது.

2020 ஜனவரி 1 அன்று பைதான் 2க்கான ஆதரவு முடிந்தது. 2022 மார்ச்சில் மேக்ஓஎஸ் 12.3 அதை அகற்றியது. உபுண்டு 20.04 வெறும் பெயரை வாரிசு இல்லாமலே விட்டது. வேண்டுமென்பவர்களுக்காக ஒரு மென்பொருள் தொகுப்பையும் தந்தது. அதன் பெயர் 'பைதான்-இஸ்-பைதான்3'. 'பைதான் என்றால் இனி பைதான்3' என்று பெயரிலேயே சொல்லிவிடுகிறது, கெசட்டில் வரும் பெயர் மாற்ற அறிவிப்பைப் போல. அது செய்கிற வேலையும் அவ்வளவுதான்: பழைய பெயரிலிருந்து புதிய கோப்புக்கு ஓர் இணைப்பு.