உஷார்! பிராதில் கையெழுத்துப் போடும் முன் மதிப்பீட்டுப் பத்தியைப் படியுங்கள்

சென்னை கொடுங்கையூரில் அரை கிரவுண்டு மனைக்கும் இன்று லட்சக்கணக்கில் விலை. அப்பா கண்ணை மூடியதும் அண்ணன் தங்கைக்குள் சொத்துத் தகராறு, வழக்கு. உயர் நீதிமன்ற வளாகத்தில் இருக்கும் மாநகர உரிமையியல் நீதிமன்றத்துக்குப் போனால், யாராவது ஒரு தரகர் வந்து காதில் ஓதுவார்: "கோர்ட் ஃபீ அவ்ளோ கட்ட வேணாம்மா, வெறும் இன்ஜங்ஷன் போட்டுடலாம்."

அந்தப் பேச்சை நம்பிவிடாதீர்கள். நீதிமன்றக் கட்டணத்தை மிச்சம் பிடிக்கப் போய், கேட்க வேண்டிய பரிகாரத்தையே கேட்காமல் விட்டுவிடுகிறார்கள்.

40 லட்சம் மதிப்புள்ள வீடு உங்கள் அனுபவத்தில் இருக்கிறது, எதிராளி ஒரு பத்திரத்தைக் காட்டி வீடு தன்னுடையது என்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். வீடு எனக்கே என்று நீதிமன்றம் அறிவிக்கும் விளம்புகையோடு உறுத்துக்கட்டளையும் (இன்ஜங்ஷன்) கேட்டால், 1955-ம் ஆண்டின் தமிழ்நாடு நீதிமன்றக் கட்டணச் சட்டப்படி பாதி சந்தை மதிப்புக்குக் கட்டணம். 20 லட்சத்துக்கு 3 சதவீதம், 60,000 ரூபாய். (2017-க்கு முன் இது ஏழரை சதவீதமாக இருந்தது.) அவர் வீட்டுக்குள் புகுந்துவிட்டால் சுவாதீனமும் (வீட்டைத் திரும்ப ஒப்படைக்கும்படி) கேட்டாக வேண்டும், அப்போது முழு மதிப்புக்கும் கட்டணம், 1,20,000. வெறும் உறுத்துக்கட்டளை என்றால் மதிப்பை நாமே போட்டுக்கொள்ளலாம் என்பதுதான் தரகர் காட்டும் ஆசை. ஆனால் சொத்துரிமை பற்றி நீதிமன்றம் எழுவினா, அதாவது முடிவு செய்ய வேண்டிய கேள்வி, வனைந்துவிட்டால், அதற்கும் பாதி மதிப்புக்குக் கட்ட வேண்டும். அதைவிடப் பெரிய ஆபத்து, உரிமையே சந்தேகத்தில் இருக்கும்போது விளம்புகை கேட்காமல் உறுத்துக்கட்டளை மட்டும் கேட்பது சரியான வழக்கல்ல என்று உச்ச நீதிமன்றம் 2008-லேயே சொல்லிவிட்டது. பல வருடம் அலைந்தபின் இந்தக் காரணத்தால் வழக்கு தள்ளுபடியானால், விளம்புகை கேட்பதற்கான காலவரம்பும் அதற்குள் கடந்து போயிருக்கும்.

பாகப்பிரிவினை வழக்கில் வேறொரு கண்ணி. கூட்டு அனுபவத்தில் இருக்கிறோம் என்றால் சிறிய நிலையான கட்டணம் போதும். அனுபவத்திலிருந்து விலக்கப்பட்டவர் தன் பங்கின் சந்தை மதிப்புக்குக் கட்ட வேண்டும். கல்யாணமாகிப் புருஷன் வீட்டில் இருப்பதாலோ, வாடகையில் பங்கு வராததாலோ ஒரு மகள் விலக்கப்பட்டவள் ஆகிவிடுவதில்லை. பிராதை, அதாவது வழக்கு மனுவை, முழுதாகப் படித்துத்தான் முடிவு செய்ய வேண்டும் என்று தமிழ்நாட்டு வழக்கு ஒன்றிலேயே உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. அதனால் யாராவது மிரட்டி முழுக் கட்டணம் கட்டச் சொன்னால் பயப்பட வேண்டாம். ஆனால் 'அண்ணன் என்னை வீட்டைவிட்டுத் துரத்தி, பங்கே கிடையாது என்று விரட்டிவிட்டான்' என்று முதல் பக்கத்தில் எழுதிவிட்டு, கடைசிப் பக்கத்தில் 'கூட்டு அனுபவம்' என்று போட்டால் எதிர்த்தரப்பு வக்கீல் சும்மா இருப்பாரா? சாட்சி விசாரணை தொடங்கும் முன் அவர் அதைக் கிளப்பலாம். குறைவாகக் கட்டியிருந்தால் மீதித் தொகையைக் கட்ட நீதிமன்றம் ஒரு தேதி கொடுக்கும். அதற்குள் கட்டாவிட்டால் பிராதே நிராகரிக்கப்படும்.

காலவரம்பு முடியும் கடைசி நாளில் பேருக்குக் கொஞ்சம் கட்டி, மீதியை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்பது இன்னும் மோசம். அவகாசம் தருவது நீதிமன்றத்தின் விருப்பம். நியாயமான காரணம் காட்ட வேண்டும்.

கையெழுத்துப் போடும் முன் பிராதின் முடிவில் வரும் மதிப்பீட்டுப் பத்தியைத் தேடுங்கள். எந்தப் பிரிவில், எந்த மதிப்புக்கு, எவ்வளவு கட்டணம் என்று அதில் இருக்கும். புரியாவிட்டால் வக்கீலையே உட்கார்ந்து விளக்கச் சொல்லுங்கள். அது உங்கள் உரிமை. வழக்கு நடக்கும்போதே சமரசமாகிவிட்டால் கட்டிய கட்டணத்தைத் திரும்பக் கேட்கலாம்; நீதிமன்றத்துக்கு வெளியே பேசி முடித்தாலும் உண்டு என்று 2021 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது.

கையில் பணமில்லை என்பதற்காகத் தப்பான வழக்குப் போட வேண்டியதில்லை. பெண்களுக்கு வருமான வரம்பே பார்க்காமல் சட்ட உதவி கிடைக்கும், பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் அப்படியே. நீதிமன்றக் கட்டணமும் அந்த உதவியில் சேரும். 15100 என்ற சட்ட உதவி எண்ணில் கேளுங்கள், பிராது தாக்கல் செய்வதற்கு முன்பே.