கீழ்பென்னாத்தூர் சுற்றுவட்டார மிதிவண்டி வழித்தடங்கள்

கீழ்பென்னாத்தூர், திருவண்ணாமலை மாவட்டத்தில் உள்ள ஒரு பேரூராட்சியும் வட்டத் தலைநகரும் ஆகும். திருவண்ணாமலைக்குக் கிழக்கே ஏறத்தாழ 18 கி.மீ. தொலைவிலும், செஞ்சிக்கு மேற்கே ஏறத்தாழ 20 கி.மீ. தொலைவிலும் இவ்வூர் அமைந்துள்ளது. நான்கு திசைகளிலும் ஒரே நாளில் மிதிவண்டியில் சென்று திரும்பக்கூடிய ஊர்கள் இருப்பதால், மிதிவண்டிப் பயணத்துக்கு இது ஏற்ற மையமாகும். மிதிவண்டிக்கெனத் தனிப்பாதை இங்கு இல்லை. எந்தச் சாலையில், எந்த நாளில், எந்த நேரத்தில் செல்வது என்பதை அறிந்து செல்வதே இங்கு முதன்மையான பாதுகாப்பாகும்.

நில அமைப்பு

இப்பகுதி பெரும்பாலும் சமவெளி. ஆங்காங்கே பாறைக் குன்றுகளும், மழைநீரைத் தேக்கும் ஏரிகளும் காணப்படுகின்றன. நெல், மணிலா, கரும்பு ஆகியவை முக்கியப் பயிர்கள். சாலைகளில் செங்குத்தான ஏற்றங்கள் இல்லாததால், கியர் இல்லாத சாதாரண மிதிவண்டியே இங்கு போதுமானது. பழக்கப்பட்டவர் மணிக்கு 15 கி.மீ. வேகத்தில் செல்லலாம். அதாவது செஞ்சியை அடைய ஏறத்தாழ ஒன்றேகால் முதல் ஒன்றரை மணி நேரம் ஆகும்.

முக்கிய வழித்தடங்கள்

1. மேற்கு வழி (திருவண்ணாமலை, கிரிவலப் பாதை): கிருஷ்ணகிரி–திண்டிவனம் தேசிய நெடுஞ்சாலையில் சோமாசிபாடி வழியாகச் செல்ல வேண்டும். கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 800 மீட்டர் உயரமுள்ள அண்ணாமலை, பயணத்தின் பெரும்பகுதியில் கண்ணெதிரே தெரியும். மலையைச் சுற்றிய கிரிவலப் பாதை 14 கி.மீ. நீளமுடையது. செங்கம் சாலையில் ரமணாசிரமத்தைக் கடந்து, வலப்புறம் திரும்பி, அடி அண்ணாமலை வழியாக நகரை மீண்டும் அடையலாம். வழியில் இந்திர லிங்கம் முதல் ஈசான்ய லிங்கம் வரையிலான எட்டு லிங்கக் கோயில்கள் உள்ளன. போகவும் வரவும் சுற்றவும் சேர்த்து மொத்தம் 50 கி.மீ. பௌர்ணமி அல்லாத நாட்களிலும் வெறுங்காலுடன் நடப்பவர்கள் இருப்பார்கள். அவர்களுக்கு வழிவிட்டு மெதுவாகச் செல்ல வேண்டும்.

2. கிழக்கு வழி (செஞ்சிக் கோட்டை): அதே நெடுஞ்சாலையில் கிழக்கு நோக்கி நல்லாண்பிள்ளைபெற்றாள், ஆலம்பூண்டி ஆகிய ஊர்களைக் கடந்து செல்லும் வழி இது. செஞ்சி நகருக்குள் நுழைவதற்கு முன்பே கோட்டை வந்துவிடும். இராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திராயன் துர்க்கம் என்னும் மூன்று குன்றுகளை இணைத்து மதில் எழுப்பப்பட்டுள்ளது. 1677இல் சிவாஜியும், நீண்ட முற்றுகைக்குப் பின் 1698இல் முகலாயரும், 1750இல் பிரெஞ்சுக்காரரும், 1761இல் ஆங்கிலேயரும் இதைக் கைப்பற்றினர். 2025இல் யுனெஸ்கோ உலக மரபுச் சின்னமாக அறிவித்த மராட்டியர் காலப் படைத்தளங்கள் 12இல் தமிழ்நாட்டில் உள்ளது இது ஒன்றே. இராஜகிரியில் ஏற விரும்புவோர் திரும்பி மிதிப்பதற்கும் கால்களில் வலு மிச்சம் வைத்துக்கொள்ள வேண்டும்.

3. வடக்கு வழி (அவலூர்பேட்டை, மேல்மலையனூர்): கீழ்பென்னாத்தூரிலிருந்து வடக்கே செல்லும் அவலூர்பேட்டைச் சாலையில் வயல்களும் ஏரிக்கரைகளும் மிகுதி, நெடுஞ்சாலையைவிட வண்டிகள் குறைவு. புதிதாக நீண்ட தூரம் பழகுவோர் இவ்வழியில் தொடங்கலாம். அவலூர்பேட்டையிலிருந்து மேல்மலையனூர் அங்காளம்மன் கோயிலுக்குச் செல்லலாம். அமாவாசை இரவில் அங்கு நடைபெறும் ஊஞ்சல் உற்சவத்துக்குப் பெருங்கூட்டம் வரும் என்பதால், அன்று இச்சாலையைத் தவிர்ப்பது நல்லது.

4. தெற்கு வழி (வேட்டவலம் முக்கோணம்): தெற்கே ஏறத்தாழ 15 கி.மீ. தொலைவில் பழைய ஜமீன் ஊரான வேட்டவலம் உள்ளது. அங்கிருந்து விழுப்புரம் சாலை வழியாகத் திருவண்ணாமலையை அடைந்து, நெடுஞ்சாலையில் ஊர் திரும்பினால் ஏறத்தாழ 55 கி.மீ. கொண்ட ஒரு முக்கோணச் சுற்று நிறைவுறும்.

நாளும் நேரமும்

சென்னையிலிருந்து திருவண்ணாமலைக்குச் செல்லும் பேருந்துகள் பெரும்பாலும் திண்டிவனம், செஞ்சி வழியாகவே வருகின்றன. ஆகவே பௌர்ணமி, கார்த்திகை தீபம் ஆகிய நாட்களில் கீழ்பென்னாத்தூரை ஒட்டிய நெடுஞ்சாலையில் நெரிசல் பன்மடங்காகும். அந்நாட்களில் முதலிரு வழிகளையும், வேட்டவலம் முக்கோணச் சுற்றையும் தவிர்க்க வேண்டும்.

காற்றின் திசையும் கணக்கில் கொள்ளத்தக்கது. ஆடி மாதத்தில் காற்று மேற்கிலிருந்து வலுவாக வீசும். செஞ்சிக்குப் போகும்போது அது முதுகைத் தள்ளிவிடும். திரும்பும்போது மார்பில் மோதும். போகும் வேகத்தை வைத்துத் திரும்பும் நேரத்தைக் கணக்கிட்டால் பொழுது சாய்ந்துவிடும். காற்று எழுவதற்கு முன், அதிகாலையிலேயே புறப்படுவது சிறந்தது. கோடையில் வெப்பம் 40 டிகிரி செல்சியஸை எட்டுவதால், காலை 9 மணிக்குள் பயணத்தை முடித்துக்கொள்ள வேண்டும். மார்கழி, தை மாதங்களில் பனிமூட்டம் விலகும் வரை காத்திருப்பது நலம்.

சாலையில் கவனிக்க வேண்டியவை

அறுவடைக் காலத்தில் சிற்றூர்ச் சாலைகளில் தானியக் கதிர்களைப் பரப்பி உலர்த்துவதும், வண்டிகள் ஏறிச் சென்று கதிரடிபட விடுவதும் வழக்கம். அவற்றின் மேல் மிதிவண்டியின் சக்கரம் வழுக்கும். தாள்கள் சங்கிலியில் சிக்கும். இறங்கித் தள்ளிச் செல்வதே முறை. கரும்பு ஏற்றிய டிராக்டர்களின் இருபுறமும் கரும்பு நீட்டிக்கொண்டிருக்கும். அவற்றை ஒட்டிச் செல்லக் கூடாது. சாலையோரத்தில் தடுப்புச் சுவர் இல்லாத கிணறுகள் இருக்கலாம் என்பதால், இருட்டில் தார்ச்சாலையை விட்டு இறங்குவது ஆபத்து.

சீமைக் கருவேல முள் டயரை எளிதில் துளைத்துவிடும். காற்றடிக்கும் பம்பு, ஒட்டுத்துண்டு, சொல்யூஷன், உப்புத்தாள் ஆகியவை பையில் இருந்தால் பஞ்சர் கடையைத் தேடி அலைய வேண்டியதில்லை. முன்விளக்கு, பின்புறச் சிவப்பு ஒளிர்பட்டை, மணி, இரு பிரேக்குகள் ஆகியவற்றைப் புறப்படும் முன் சரிபார்க்க வேண்டும்.

பிற நாட்டு அனுபவம்

இங்கிலாந்தில் மிதிவண்டிப் பயணிகளுக்கான சங்கம் 1878இலேயே தொடங்கப்பட்டது. 1995இல் அங்கு தேசிய மிதிவண்டி வலையமைப்பு அமைக்கும் பணி, லாட்டரி நிதியின் துணையுடன் தொடங்கியது. அவ்வலையமைப்பு முழுவதும் புதிதாகப் போடப்பட்ட பாதை அன்று. வண்டிகள் குறைந்த கிராமச் சாலைகளையும், கைவிடப்பட்ட ரயில் பாதைகளையும் தேர்ந்தெடுத்து, வழிகாட்டிப் பலகைகள் நட்டு இணைத்ததே அதன் பெரும்பகுதி. கீழ்பென்னாத்தூரைச் சுற்றியும் ஊர்களை இணைக்கும் சிறு தார்ச்சாலைகள் உள்ளன. அவற்றை அடையாளப்படுத்திப் பலகை நடுவதற்குப் பெருஞ்செலவு தேவையில்லை.

மாணவர்களும் மிதிவண்டியும்

இவ்வழித்தடங்கள் பொழுதுபோக்குக்கு மட்டுமானவை அல்ல. தமிழ்நாட்டில் அரசு, அரசு உதவி பெறும் பள்ளிகளின் 11ஆம் வகுப்பு மாணவர்களுக்கு விலையில்லா மிதிவண்டி வழங்கப்படுகிறது. சுற்றியுள்ள சிற்றூர்களிலிருந்து மேல்நிலைப் பள்ளிக்கு வரும் பிள்ளைகளுக்கு, பேருந்து நேரத்தை நம்பியிராமல் படிக்க அது வழி செய்கிறது. 1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் எழுத்தறிவோடு மிதிவண்டியும் கற்பித்தபோது, ஏராளமான கிராமப் பெண்கள் ஓட்டக் கற்றனர். கணவரையோ அண்ணன் தம்பியரையோ எதிர்பார்க்காமல் வேலைக்கும் சந்தைக்கும் சென்றுவர அது துணைநின்றது.

ஆனால் வண்டி கிடைத்தால் மட்டும் போதாது. வழியும் பாதுகாப்பாக இருக்க வேண்டும். லாரிகளும் பேருந்துகளும் விரையும் நெடுஞ்சாலையைக் கண்டு அஞ்சும் பெற்றோர், மாலைச் சிறப்பு வகுப்பு முடிந்து தனியே திரும்ப வேண்டிய பெண் பிள்ளையை வகுப்புக்கே அனுப்பாமல் நிறுத்திவிடுவதும் உண்டு. ஒவ்வொரு ஊரிலிருந்தும் பள்ளிக்கு வர நெடுஞ்சாலையை எங்கே, எத்தனை முறை கடக்க வேண்டியுள்ளது என்பதை மாணவர்களே வரைபடமாக வரையலாம். ஒரே ஊர்ப் பிள்ளைகள் குழுவாக, ஒருவர் பின் ஒருவராக, சாலையின் இடது ஓரமாகச் செல்லலாம். கடக்க வேண்டிய இடத்தில் அனைவரும் இறங்கி, இருபுறமும் பார்த்து, வண்டியைத் தள்ளிக்கொண்டு கடக்க வேண்டும். அந்த வரைபடத்தை ஊராட்சியிடமும் பள்ளி மேலாண்மைக் குழுவிடமும் அளித்து, கடக்கும் இடங்களில் வேகத்தடையும் தெருவிளக்கும் கேட்கலாம்.