வேண்டாம் என்று சொல்வதற்கும் ஒரு கூலி

சங்கத்தின் பொங்கல் விழாவிலும் கல்யாண வீடுகளிலும் சந்திக்கிற நண்பர்கள் என்னிடம் தவறாமல் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "செல்போன் ஆப் செய்து கொடுக்கிற கம்பெனி என்றீர்கள், சரி. விசிட்டிங் கார்டில் 'பிராடக்ட் மேனேஜ்மென்ட்' என்று தனியாக ஏதோ போட்டிருக்கிறீர்களே, அது என்ன? அதற்குத் தனி பில் வேறாமே?"

கேள்வியில் கொஞ்சம் கிண்டலும் கலந்திருக்கும். நியாயமான கேள்விதான். நின்றபடி இரண்டு வரியில் பதில் சொன்னால் புரியாது. அதனால் எனக்கு அந்தத் தொழிலைக் கற்றுக் கொடுத்த ஒரு மாவு வியாபாரியின் கதையைச் சொல்லிவிடுகிறேன்.

வாஷியில் இரண்டு அறை கொண்ட அலுவலகம் எங்களுடையது. நானும் என் பங்குதாரரும் சேர்த்து எட்டுப் பேர். 2022-இல் ஒரு நாள் திருநெல்வேலிப் பக்கத்து அண்ணாச்சி ஒருவர் வந்தார். அவருடைய தகப்பனார் காலத்திலிருந்தே மும்பையில் இட்லி வியாபாரம். இவர் அதை மாவு வியாபாரமாக மாற்றி, செம்பூர், காட்கோபர், முலுண்டு பகுதிகளில் நாற்பது கடைகளுக்குத் தினமும் அறுநூறு பாக்கெட் போட்டுக் கொண்டிருந்தார். "ஸ்விக்கி மாதிரி ஒரு ஆப் வேணும் தம்பி. ஜனங்க வீட்டுல இருந்தபடியே நம்ம மாவை ஆர்டர் பண்ணணும்" என்றார்.

அவர் கொண்டு வந்த பட்டியலில் இருந்த எல்லாவற்றையும் செய்தோம். ஐந்து மாத வேலை, முப்பத்தெட்டு திரைகள், ஐந்தரை லட்சம் ரூபாய். தள்ளுபடிக் கூப்பன், பரிசுப் புள்ளிகள், நான்கு மொழிகள், ஒன்றும் விடவில்லை. மூன்று மாதத்தில் வந்த ஆர்டர்கள் முப்பத்தொன்று! அறுபது ரூபாய்ப் பாக்கெட் ஒன்றை நாலாவது மாடிக்கு ஏற்றிக் கொடுக்க ஒரு பையனுக்கு நாற்பது ரூபாய் ஆயிற்று. காலையில் பால் வாங்க இறங்குகிற அம்மாவுக்குக் கட்டடத்தின் கீழேயே கடையில் அதே மாவு கிடைக்கும்போது, செல்போனைத் தட்டுவானேன்?

அண்ணாச்சி சண்டைக்கு வரவில்லை. எதிரில் உட்கார்ந்து மெதுவாகத்தான் கேட்டார்: "நான் கேட்டதையெல்லாம் செஞ்சு தந்துட்டிய தம்பி, குறை சொல்ல முடியாது. ஆனா நான் கேக்குறதே தப்புன்னு இத்தனை பேருல ஒருத்தருக்குமா சொல்லத் தோணல?"

அந்த ஐந்தரை லட்சத்தில் பாதி, அவருடைய மருமகளின் நகையை வங்கியில் வைத்து வாங்கிய பணம் என்பது அன்றுதான் எனக்குத் தெரிந்தது. கையெழுத்துப் போட்ட ஒப்பந்தப்படி எங்கள் மேல் தவறில்லை. இருந்தாலும் அன்று இரவு தூக்கம் வரவில்லை.

எங்கே விட்டோம்?

சொந்தமாகத் தொழில் தொடங்குவதற்கு முன் நான் அந்தேரி சீப்ஸ் வளாகத்தில் பதினான்கு வருடம் வேலை பார்த்தவன். நம் நாட்டு சாஃப்ட்வேர் தொழில் வளர்ந்த விதம் நமக்கெல்லாம் தெரியும். எது வேண்டும் என்பதைக் கடல் தாண்டி இருப்பவர்கள் முடிவு செய்வார்கள். எப்படிச் செய்வது, எத்தனை நாளில் செய்வது என்பது மட்டும் நம் பொறுப்பு. பட்டியல் வரும், செய்து கொடுப்போம். 'இது எதற்கு?' என்று கேட்கும் பழக்கமே நமக்கு வரவில்லை. கேட்டால் அதிகப்பிரசங்கி என்று பெயர்.

அந்தக் கேள்வியைக் கேட்பதற்கென்றே ஒரு ஆளை வைப்பது புதிய யோசனை அல்ல. 1931 மே மாதத்தில், அமெரிக்காவின் பிராக்டர் அண்ட் கேம்பிள் கம்பெனியில் நீல் மெக்கல்ராய் என்ற இளைஞர் மூன்று பக்கக் குறிப்பு ஒன்று எழுதினார். கேமே சோப்பின் விளம்பரத்தைக் கவனித்துக் கொண்டிருந்தவர் அவர். ஒவ்வொரு சரக்குக்கும் ஒரு தனி ஆள் பொறுப்பாக இருக்க வேண்டும். எங்கே விற்கிறது, எங்கே விற்கவில்லை, ஏன் என்பதை அவர் நேரில் போய்ப் பார்த்துச் சரி செய்ய வேண்டும் என்பது அந்தக் குறிப்பின் சாரம். பிராடக்ட் மேனேஜர் என்ற வேலைக்கு மூலம் அதுதான் என்பார்கள். எழுதியவர் பின்னால் அமெரிக்காவின் பாதுகாப்பு மந்திரியாகவே ஆனார்!

நம் வீட்டு உதாரணம் சொன்னால் இன்னும் எளிது. கல்யாணத்துக்கு அறுநூறு இலை என்று சொன்னால் சமையல்காரர் அறுநூறு இலைக்குச் சமைப்பார். அது அவர் வேலை. "வேலை நாள் முகூர்த்தம், நம்மூர் ஜனம் முழுக்க டோம்பிவிலியிலிருந்து வரணும், நானூறு இலை போதும்" என்று சொல்கிற பெரியப்பா ஒருவர் எல்லாக் கல்யாணத்திலும் இருப்பார். சமையல் நேரத்துக்கு முடிகிறதா என்று பார்ப்பவர் பிராஜெக்ட் மேனேஜர். எத்தனை இலை, யாருக்காக, ஏன் என்று பார்க்கிற பெரியப்பா பிராடக்ட் மேனேஜர். பெரிய கம்பெனிகளில் அவரைச் சம்பளத்துக்கு வைத்திருப்பார்கள். அண்ணாச்சியைப் போன்றவர்களுக்கு அது கட்டுப்படியாகாது. அந்தப் பெரியப்பாவைச் சில வாரங்களுக்கு வாடகைக்குக் கொடுப்பதுதான் நாங்கள் இப்போது செய்கிற சேவை.

டெம்போவில் நாலு வாரம்

அண்ணாச்சியிடம் நாலு வாரம் அவகாசம் கேட்டேன். அதற்குப் பணம் வாங்க மனம் வரவில்லை. விடியற்காலை நாலரை மணிக்கு அவருடைய டெம்போவில் ஏறிக்கொண்டேன். ஓட்டுகிற மராத்தியப் பையனோடு கடை கடையாக இறங்கினேன்.

மூன்றாவது நாளே விஷயம் புலப்பட்டது. அறுநூறு பாக்கெட் போனால் கோடைக்காலத்தில் தொண்ணூறு புளித்துப் போய் ரிட்டர்ன் வந்தன. அரிசி, உளுந்து, மின்சாரம், கூலி எல்லாம் சேர்த்துப் பாக்கெட்டுக்கு முப்பத்தைந்து ரூபாய் என்றால், மாதம் தொண்ணூறாயிரத்துக்கு மேல் சாக்கடையில் போய்க் கொண்டிருந்தது! காரணம் எளிது. நேற்று போட்ட அதே எண்ணிக்கையைத்தான் டிரைவர் இன்றும் போடுவார். சங்கஷ்டி சதுர்த்தியன்றும், ஷ்ராவண மாதத்துத் திங்கட்கிழமைகளிலும் மராத்தியர் வீடுகளில் உபவாசம். அன்று இட்லி யாருக்கு வேண்டும்? மே மாதத்தில் நம்மவர்கள் பாதிப் பேர் ஊரில் இருப்பார்கள். இதெல்லாம் கடைக்காரருக்குத் தெரியும். அவரை யாரும் கேட்கவில்லை.

வாடிக்கையாளர் வீட்டுக்கு மாவு போகாதது அண்ணாச்சியின் கஷ்டமே அல்ல. கடைக்குப் போன மாவு திரும்பி வருவதுதான் கஷ்டம்.

உடனே இன்னொரு செயலி செய்ய உட்காரவில்லை. பன்னிரண்டு கடைகளை மட்டும் எடுத்துக் கொண்டோம். இரவு எட்டு மணிக்கு அண்ணாச்சியின் மருமகள் வாட்ஸ்அப்பில் 'நாளைக்கு எத்தனை?' என்று கேட்டு நோட்டுப் புத்தகத்தில் எழுதுவார். அவ்வளவுதான். மூன்று வாரத்தில் அந்தக் கடைகளின் ரிட்டர்ன் பாதியாகக் குறைந்தது. இன்னொன்றும் தெரிந்தது. கடைக்காரர்களில் பலர் எழுதிப் பதில் அனுப்பவே இல்லை. குஜராத்தியிலும் இந்தியிலும் குரலில் பேசித்தான் அனுப்பினார்கள். கடைக்காரர்களுக்கென்று ஒரு செயலி செய்திருந்தால் அதுவும் தூங்கியிருக்கும்.

அதற்குப் பிறகுதான் புரோகிராமர்களைக் கூப்பிட்டோம். டிரைவரின் போனில் ஒரே ஒரு திரை: கடையின் பெயர், போட்டது எத்தனை, திரும்பியது எத்தனை. முப்பத்தெட்டு திரைகள் செய்யாத வேலையை அந்த ஒரு திரை செய்தது. அடுத்த தீபாவளிக்கு முன் நகை வீடு திரும்பியது.

விலை பேசுவது எப்படி?

இதையே ஒரு சேவையாக மற்றவர்களுக்குக் கொடுப்பது என்று தீர்மானித்தபோது முதலில் வந்த சிக்கல் நாணயம் பற்றியது. திரைக்குத் திரை காசு வாங்குகிறவன் 'திரை வேண்டாம்' என்று சொல்வானா? மருந்துக் கடைக்காரரே வைத்தியரும் ஆனால் எப்படி?

அதற்காகச் சில விதிகள் வைத்துக் கொண்டோம். முதல் நாலு வாரத்துக்கு ஒரே தொகை. அதைப் பின்னால் செயலியின் விலையில் கழித்துக் கொள்வதில்லை. கழிப்பதாகச் சொன்னால் எப்படியாவது செயலி செய்யச் சொல்லும்படி எங்கள் மனமே எங்களை இழுக்கும். நாலு வாரக் குறிப்பு வாடிக்கையாளரின் சொத்து. அதை எடுத்துக் கொண்டு வேறு கம்பெனிக்கும் போகலாம். குறிப்பில் மூன்று விஷயங்கள் கட்டாயம்: யாருக்காக, அவருடைய கஷ்டம் என்ன, அது தீர்ந்தது என்று எந்த எண்ணைப் பார்த்துத் தெரிந்து கொள்வது. அண்ணாச்சிக்கு அந்த எண் ரிட்டர்ன் பாக்கெட்.

திரைகளைக் கம்ப்யூட்டரில் செய்வதற்கு முன் காகிதத்தில் வரைந்து ஐந்து பேரிடம் காட்டுவோம். ஐந்து பேரை வைத்துப் பார்த்தாலே பெரும்பாலான குறைகள் வெளிவந்துவிடும் என்று ஜேக்கப் நீல்சன் என்ற நிபுணர் 2000-இல் எழுதினார். எங்கள் அனுபவமும் அதுவே. செயலி வெளியான பிறகு விருப்பப்பட்டால் மாதக் கட்டணம். வாரத்தில் ஒன்றிரண்டு நாள் எங்கள் ஆள் வருவார்.

இதுவரை ஒன்பது பேருக்கு இந்தச் சேவை செய்திருக்கிறோம். மூன்று பேரிடம் 'உங்களுக்குச் செயலியே வேண்டாம்' என்று சொன்னோம். ஒரு சமயம் தொடர்ந்து இரண்டு பேரிடம் அப்படிச் சொல்லிவிட்டு, இரண்டு மாதம் நானும் பங்குதாரரும் சம்பளம் எடுக்கவில்லை. "வருகிற லட்சுமியை வாசலிலேயே திருப்பி அனுப்புகிறோம்" என்று அவர் புலம்பினார். வீட்டிலும் பேச்சுக் கேட்டேன். அந்த மூவரில் ஒருவர் ஒரு வருடம் கழித்து வேறொரு வேலையோடு வந்தார். கூட இன்னொருவரையும் அழைத்து வந்தார். எல்லாருக்கும் இப்படி நடக்கும் என்று நான் உறுதி சொல்லவில்லை.

அன்பர்களுக்குச் சில வார்த்தைகள்

நம்மில் பலர் கேட்டரிங், டியூஷன், பயண ஏற்பாடு என்று தொழில் செய்கிறோம். செயலி செய்யச் சொல்லும் எண்ணம் இருந்தால் சிலவற்றை நினைவில் வையுங்கள். கூகுள் பிளேயில் கணக்குத் தொடங்க ஒரு தடவை இருபத்தைந்து டாலர். ஆப்பிளுக்கு வருடம் தொண்ணூற்றொன்பது டாலர். இரண்டையும் உங்கள் பெயரிலேயே தொடங்குங்கள்; செய்து கொடுப்பவர் பெயரில் இருந்தால் நாளைக்குச் சிண்டு அவர் கையில். செயலி என்பது வீடு கட்டுவது போல அல்ல, மாடு வளர்ப்பது போல. போன்களின் மென்பொருள் வருடாவருடம் மாறும். தீனி போட்டுக் கொண்டே இருக்க வேண்டும். தேவையில்லாத விவரங்களை வாடிக்கையாளரிடம் கேட்டு வாங்காதீர்கள். 2023-இல் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின்படி, வாங்கிய விவரத்துக்கு நீங்கள்தான் பொறுப்பு.

எல்லாவற்றுக்கும் மேலாக ஒன்று. வாடகைப் பெரியப்பா ஒரு நாள் போய்விடுவார். அதற்குள் உங்கள் வீட்டில் ஒருவர் அந்த வேலையைக் கற்றுக்கொள்ள வேண்டும். அப்படி ஒருவரைத் தயார் செய்யாத பிராடக்ட் மேனேஜருக்கு முழுக் கூலி கொடுக்காதீர்கள். நாங்களாக இருந்தாலும் சரி.

போன மாதம் அண்ணாச்சி வீட்டுக்குப் போயிருந்தேன். இப்போது கணக்கு வழக்கு, கடை எண்ணிக்கை எல்லாம் மருமகள் கையில். நான் ஆர்வத்தில், "டிரைவர் திரையில் ஒரு மேப் சேர்த்தால் நன்றாக இருக்குமே அம்மா" என்று ஆரம்பித்தேன். அவர் காபி டம்ளரை என் முன்னால் வைத்துவிட்டுச் சிரித்தார்.

"அந்தப் பையனுக்கு இந்த ரோடெல்லாம் கண்ணை மூடிக்கிட்டே தெரியும் அண்ணே. மேப் யாருக்கு?"

எனக்குப் பதில் இல்லை. காபியைக் குடித்துவிட்டு வந்துவிட்டேன்.