திருத்தணி வெயிலில் கோழிக்குஞ்சுக்குப் புரூடர் அமைப்பது எப்படி?

பொரித்த குஞ்சின் மேல் இருப்பது வெறும் பூமயிர். இறகு முளைத்து, உடம்புச் சூட்டைத் தானே காத்துக்கொள்ள அதற்கு மூன்று நான்கு வாரம் ஆகும். தாய்க்கோழி இருந்தால் இறக்கைக்குள் அணைத்துக்கொள்ளும். பொரிப்பகத்திலிருந்து அட்டைப்பெட்டியில் வந்து இறங்கும் நூறு குஞ்சுக்கு அந்தச் சூட்டை நாம்தான் தர வேண்டும். அதற்குத்தான் புரூடர்.

முதல் வாரத்தில் 35 டிகிரி செல்சியஸ் வேண்டும், பிறகு வாரத்துக்கு மூன்று டிகிரி குறைக்கலாம் என்பது பொதுக்கணக்கு. திருத்தணியில் அதை அப்படியே வைத்துக்கொள்ள முடியாது. கோடை வானிலைப் பட்டியலில் வேலூரோடு சேர்ந்து அடிக்கடி பெயர் வரும் ஊர் இது. சித்திரை, வைகாசியில் பகல் 40 டிகிரியைத் தாண்டும். தகரக் கொட்டகைக்குள் இன்னும் கூடும். மார்கழி விடியலிலோ நல்ல குளிர். ஆகவே இங்கே புரூடர் சூடு கொடுத்தால் மட்டும் போதாது, சூட்டிலிருந்து குஞ்சு விலகி நிற்கவும் இடம் கொடுக்க வேண்டும்.

1. இடம்: குஞ்சு வருவதற்கு ஒரு வாரம் முன்பே அறையைக் கழுவிச் சுண்ணாம்பு அடித்துக் காயவிடுங்கள். எலி வளை, ஓட்டைகளை அடைத்து, சன்னலுக்குச் சிறுகண் கம்பிவலை போடுங்கள். பூனையையும் பாம்பையும் விட எலி கொண்டுபோகும் குஞ்சுகளே அதிகமாக இருக்கும். காற்றுக்காகச் சன்னலின் மேற்பாதி திறந்திருக்கட்டும். குஞ்சின் மேல் நேராக வீசும் கீழ்க்காற்றை மட்டும் சாக்குக் கட்டித் தடுத்தால் போதும்.

2. தரை: நெல் உமி அல்லது கடலைத் தொலியை இரண்டு அங்குல உயரத்துக்குப் பரப்புங்கள். இரண்டும் சுற்றுவட்டாரத்திலேயே கிடைக்கும். கடலைத் தொலியில் பூசண வாடை அடித்தால் வாங்காதீர்கள். குஞ்சின் நுரையீரலைப் பாதிக்கும். முதல் சில நாள் உமியைத் தீவனம் என்று கொத்தாமலிருக்க மேலே காகிதம் விரிக்க வேண்டும். வழவழப்பான காகிதத்தில் கால் சறுக்கி அகண்டு, குஞ்சு நொண்டியாகிவிடும். நெளிவுள்ள அட்டையோ சொரசொரப்பான காகிதமோ நல்லது. நான்கைந்து அடுக்காகப் போட்டு, தினம் ஒன்றாக உருவிவிடுங்கள்.

3. வளையம்: ஒன்றரை அடி உயரத் தகடு அல்லது அட்டையை ஆறடி விட்டத்தில் வட்டமாக நிறுத்துங்கள். நூறு குஞ்சுக்கு முதல் வாரத்தில் இது போதும். சதுரமாக அடைத்தால் குளிரில் மூலையில் ஒன்றன்மேல் ஒன்று ஏறி, அடியில் உள்ளவை மூச்சுமுட்டிச் சாகும். கோடையில் வளையத்தை இன்னும் ஓர் அடி பெரிதாக்குங்கள்.

4. விளக்கு: குஞ்சுக்கு இரண்டு வாட் கணக்கு. நூறு குஞ்சுக்கு 60 வாட் குண்டு பல்பு மூன்று அல்லது நான்கு. எல்.இ.டி. பல்பு வெளிச்சம் தரும், சூடு தராது. ஒரே பெரிய பல்பை நம்பாதீர்கள்; நடு இரவில் அது ஃபியூஸ் போனால் காலையில் குஞ்சு இருக்காது. தரையிலிருந்து ஒன்றரை அடி உயரத்தில், ஏற்றி இறக்கும்படி சங்கிலியில் தொங்கவிடுங்கள். வயரிலேயே தொங்கவிட்டால் உமியில் விழுந்து தீப்பிடிக்கும். ஒவ்வொரு பல்புக்கும் தனிச் சுவிட்சு இருந்தால், வெயில் ஏறும்போது ஒன்றிரண்டை அணைக்கலாம். மின்வெட்டுக்கு இன்வெர்ட்டர் இல்லையென்றால், வெளியில் வைத்துப் புகை அடங்கிய கரிநெருப்பை மண்சட்டியில் போட்டு, துளையிட்ட தகரத்தால் மூடி வையுங்கள். அப்போது சன்னலை அடைக்கவே கூடாது. கரியின் விஷக்காற்று மணக்காது.

5. தட்டுகள்: இரண்டு தண்ணீர்க் குவளை, மூன்று தீவனத் தட்டு. வண்டிச் சக்கரத்தின் ஆரக்கால் போல மாற்றி மாற்றி வையுங்கள். எதுவும் பல்புக்கு நேர் கீழே வேண்டாம்.

6. இறக்கும் நாள்: குஞ்சு வருவதற்குச் சில மணி நேரம் முன்பே விளக்கைப் போட்டு உமியைச் சூடாக்குங்கள். கோடையில் விடியற்காலையிலோ இரவிலோ வந்துசேரும்படி ஏற்பாடு செய்யுங்கள். வயிற்றில் மிச்சமுள்ள மஞ்சள்கரு இரண்டு மூன்று நாள் தாங்கும் என்பதால் பயணப் பசியால் குஞ்சு சாகாது, நீர் வற்றித்தான் சாகும். அதனால் முதலில் தண்ணீர். கொதித்து ஆறிய நீரில் கொஞ்சம் வெல்லமோ குளுக்கோஸோ கலந்து, சில குஞ்சுகளின் அலகை நனைத்துவிடுங்கள். மற்றவை பார்த்துப் பழகும். அப்புறம் மக்காச்சோள ரவை, மறுநாள் முதல் குஞ்சுத் தீவனம். அன்று இரவு சில குஞ்சுகளின் கழுத்தடியைத் தொட்டுப் பாருங்கள். தீனிப்பை மெத்தென்று நிறைந்திருந்தால் சரி.

7. கண்காணிப்பு: வெப்பமானியைக் குஞ்சின் முதுகு உயரத்தில் தொங்கவிடலாம். ஆனால் குஞ்சு காட்டுவதே கடைசிக் கணக்கு. பல்புக்கு அடியில் குவிந்து கீச்சென்று கத்தினால் குளிர், பல்பை இறக்குங்கள். வளைய ஓரத்தில் ஒட்டி, வாய் திறந்து இறக்கையை விரித்தால் சூடு, அணைத்துவிடுங்கள். எல்லாம் ஒரே பக்கம் ஒதுங்கினால் எங்கிருந்தோ காற்று அடிக்கிறது. பரவலாகப் படுத்தும் தின்றும் திரிந்தால் கைவைக்க வேண்டாம். திருத்தணிக் கோடையில் பகல் முழுக்க விளக்கு அணைந்தே இருக்கலாம். கூரைமேல் தென்னங்கீற்றுப் போட்டு நீர் தெளிக்க வேண்டிவரும். நள்ளிரவுக்கு மேல்தான் பல்புக்கு வேலை.

8. தடுப்பூசி, விரிவு: ஏழாம் நாளுக்குள் வெள்ளைக்கழிச்சலுக்கு எஃப்-1 மருந்து, கண்ணில் ஒரு சொட்டு. ஐஸில் வைத்துக் கொண்டுவந்து, வெயில் ஏறுமுன் போட்டு முடியுங்கள். திறந்த குப்பி அதிக நேரம் தாங்காது என்பதால் பக்கத்து வீட்டுக் குஞ்சுகளையும் சேர்த்துக்கொள்ளலாம். அடுத்த தடுப்பூசிகளின் நாள்களைக் கால்நடை மருந்தகத்தில் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். நான்கு நாளுக்கு ஒருமுறை வளையத்தை அகட்டி, உமியைக் கிளறி, நனைந்ததை அள்ளிவிடுங்கள். ஈர உமிதான் மூன்றாம் வாரத்து ரத்தக் கழிச்சலுக்கு வழி.

குளிர்காலத்தில் நான்கு வாரம், கோடையில் இரண்டு மூன்று வாரத்தில் வளையத்தை எடுத்துவிடலாம். நாட்டுக்கோழி விற்பனை எடைக்கு வர மூன்று நான்கு மாதம் ஆகும். புரட்டாசி விரதத்தில் வாங்க ஆளிருக்காது, பொங்கலில் கிராக்கி. ஆகவே முதல்முறை வளர்ப்பவர்கள் ஆவணிக் கடைசியில் குஞ்சு இறக்குங்கள். கத்திரி வெயிலும் இல்லை, மார்கழிக் குளிரும் இல்லை, விற்கும் நாளும் பொருந்திவரும்.